பிளாப்பிக்கு வெச்ச பொட்டு

பிளாப்பியில குங்குமம் வெச்சிருந்தாங்க. மேல இருக்கற பிளாஸ்டிக் ஓட்டுல வெச்சிருந்தா நானும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருப்பேன். அந்தச் சின்னத் தகரக் கதவைத் தள்ளித் தெறந்து, உள்ள இருக்கற கறுப்புத் தட்டுல ஈரச் சந்தனத்தை நல்லா குழைச்சு வெச்சு, அது மேல குங்குமம். ஒரு பிளாப்பி ரெண்டு பிளாப்பி இல்ல, டப்பாவுல இருந்த அத்தினிக்கும். திருப்பதியில ஒரு காலேஜ் லைப்ரரி, விஜயதசமி காலையில, அந்த மேஜைக்கு முன்னாடி நான் நின்னுக்கினு இருந்தது இன்னும் கண்ணுலயே இருக்குது. வாயில வார்த்தையே வரல. எனக்கு வார்த்தை வராம போச்சுன்னா என்னைப் பெத்தவங்களே நம்ப மாட்டாங்க.

இப்ப இருக்கற பசங்களுக்கு பிளாப்பின்னா தெரியாது. உள்ளங்கை அகலத்துல சதுரமா ஒரு ஓடு, உள்ள மெல்லிசா ஒரு கறுப்புத் தட்டு. கம்ப்யூட்டர்ல அடிச்சதையெல்லாம் அதுல ஒரு நகல் எடுத்து வெப்போம். மெஷின் செத்தாலும் வேலை சாவக்கூடாதுன்னு. அந்தத் தட்டு மேல விரல் பட்டாலே ஆகாது. இங்க என்னடான்னா சாமிக்கு வெக்கற மாதிரி வெச்சிருக்காங்க. பக்கத்துல பெரிய மெஷினு, அதுலருந்து கற்பூர வாசனையும் கரிஞ்ச ஒயரு வாசனையும் சேந்து வந்துக்கினு இருந்துச்சு.

நான் சித்தூர்க்காரி. நைனா வெல்ல மண்டிக்கு லாரி ஓட்டினாரு. அதுக்கு முந்தின தலைமுறையில எங்களுக்கு நெலமும் கெடையாது, படிப்பும் கெடையாது, அடுத்தவன் கரும்புத் தோட்டத்துல கூலி. நான் திருப்பதியில தங்கி எம்.சி.ஏ. முடிச்சப்போ நைனா தெரு பூரா ஜாங்கிரி குடுத்தாரு. எனக்கு சோறு துன்னும்போது தமிழ், கணக்குப் போடும்போது இங்கிலீஷ், சண்டை போடும்போது தெலுங்கு. மூனும் சரளம், மூனாவது ரொம்ப சரளம்.

அப்போ ரெண்டாயிரம் பொறக்கப் போவுதுன்னு உலகமே நடுங்கிக்கினு இருந்துச்சு. வருஷத்துக்கு ரெண்டே நெம்பர் வெச்ச பழைய புரோகிராமெல்லாம் கொழம்பிப்பூடும், சரி பண்ண ஆள் வேணும்னு அமெரிக்காக்காரன் கையை நீட்டிக்கினு நின்னான். என்கூடப் படிச்சவங்க ஒவ்வொருத்தரா மெட்ராஸ் போய் விசா குத்திக்கினு வந்து, மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு, அதே மொட்டையோட பிளேன் ஏறினாங்க. நான் வேலைக்குச் சேந்த கம்பெனி ஒரு வளையல் கடைக்கு மேல ரெண்டு ரூம். மொதலாளி தெலுங்குக்காரரு. அவருக்கு சாப்ட்வேர் எழுதறது பேருக்கு, ஆளை ஏத்துமதி பண்றதுதான் தொழிலு. என் பேரும் வரிசையில இருந்துச்சு. விசா வர்ற வரைக்கும் சும்மா உக்காராதேன்னு புஸ்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற அந்த லைப்ரரி வேலையை என் தலையில கட்டினாரு.

கட்டினவரு கட்டினபடி விட்டிருக்கலாம். எனக்குத்தான் அடங்கல. அந்த அலமாரியில என் தாத்தா பொறக்கறதுக்கு முந்தி அச்சடிச்ச புஸ்தகம் இருக்குது, இன்னும் பிரிச்சுப் படிக்க முடியுது. அந்தப் புஸ்தகத்தைப் பத்தி நான் கம்ப்யூட்டர்ல எழுதி வெக்கறது மூனு வருஷத்துல செத்துப்பூட்டா, அது எனக்குக் கேவலம் இல்லியா. மொதலாளியோட வழக்கம் என்னன்னா, எல்லாப் புஸ்தகத்தையும் ஒரே பெரிய பைல்ல அடைச்சு, எங்க கம்பெனி புரோகிராம் மட்டும் தெறக்கற மாதிரி பூட்டி வெக்கறது. அதுல ஒரு மூலையில அடி பட்டாலும் மொத்தமும் தெறக்காது. நான் மாத்தி யோசிச்சேன். ஒரு புஸ்தகத்துக்கு ஒரு வரி. நெம்பரு, பேரு, எழுதினவரு, எந்த அலமாரி, எல்லாம் அந்த வரிக்குள்ளயே. வெறும் எழுத்து, எந்த மெஷினும் படிக்கலாம். வரி முழுசா இருக்குதா, அடி பட்டிருக்குதான்னு பாக்க கடைசியில ஒரு கூட்டுத்தொகை. எழுதின வரியை அழிக்கவே கூடாது, ஏதாவது மாறினா கீழ புதுசா இன்னொரு வரி. ஒரு வரி செத்தா அது மட்டும் சாவும், பக்கத்து வரிக்கு ஒன்னும் ஆவாது.

"ஈ தலநொப்பி நீக்கெந்துக்கம்மா"ன்னாரு மொதலாளி. இந்தத் தலைவலி உனக்கெதுக்குன்னு கேக்கறாரு. பூட்டி வெச்சாதானே காலேஜ்காரன் திரும்பத் திரும்ப நம்மகிட்ட வருவான்னு விளக்கம் வேற. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. நீங்க சொன்ன கெடுவுக்குள்ளயே முடிச்சுத் தர்றேன், அப்புறம் உங்களுக்கின்னா வந்துச்சுன்னேன். அவருக்கு மெட்ராஸ்லருந்து போன் வந்துச்சு, என்னவோ பண்ணிக்கோன்னு கையை ஆட்டிட்டுப் போய்ட்டாரு. அப்படித்தான் என் டிசைன் ஜெயிச்சுது.

லைப்ரரியில புஸ்தகங்களை மெஷின்ல ஏத்தறதுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு கிராமம், எங்களை மாதிரியே வீட்டுல தமிழ். அவங்க புருஷன் கட்டட வேலைக்குன்னு பெங்களூரு போனவரு, மொதல்ல மாசத்துக்கொரு தடவை வந்தாரு, அப்புறம் தீபாவளிக்கு வந்தாரு, அப்புறம் வரல. அக்கா டைப்பிங் பாஸ் பண்ணிட்டு, பொண்ணைக் கூட்டிக்கினு திருப்பதியில ஒரு ரூம் எடுத்து, தினக்கூலியில இந்த வேலைக்கு வந்துட்டாங்க. தீபாவளி கழிஞ்சு ஒரு கமிட்டி பாக்க வரும், அதுக்குள்ள மொத்தப் புஸ்தகமும் கம்ப்யூட்டர்ல ஏறியிருந்தா அக்காவை பர்மனெண்ட் பண்றதா பிரின்சிபால் வாக்கு குடுத்திருந்தாரு. ஏறலன்னா தினக்கூலி அந்த மாசத்தோட சரி. "திரும்பிப் போனா கரும்பு வெட்டத்தான் பாப்பா, இவளையும் கூட்டிக்கினு"ன்னு பொண்ணோட தலையைத் தடவிக்கினே ஒருநாள் சொன்னாங்க. அதை அழுதுக்கினு சொல்லல, பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

லைப்ரேரியன் சாரு வைஷ்ணவரு. மலையில கைங்கரியம் பண்ற குடும்பம், இவரு மட்டும் புஸ்தகத்துக்கு வந்துட்டாரு. புஸ்தகத்து மேல கால் பட்டவனை அந்தப் பக்கமே வரவிட மாட்டாரு. தங்கமான மனுஷன், ஆனா எதையும் முழுசாத் தெரிஞ்சுக்காம விட மாட்டாரு. ஒருநாள் பிளாப்பியைக் கையில வெச்சுக்கினு, "ஏம்மா, இவ்வளவு புஸ்தகமும் இதுக்குள்ள எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டாரு. நான் அந்தத் தகரக் கதவைத் தள்ளி, "இதோ, இந்தக் கறுப்புத் தட்டுல சார்"னு காட்டினேன். அவரு கண்ணுல ஒத்திக்கினாரு. நான் சிரிச்சேன். ரெண்டு செட்டு நகல் எடுத்து, ஒன்னு லைப்ரரி பீரோவுல, இன்னொன்னு வேற கட்டடத்துல இருக்கணும்னு நான் சொன்னப்போ, தன் வீட்டுப் பெருமாள் சன்னிதியிலயே வெச்சுக்கறேன்னாரு. லைப்ரரி தீப்பிடிச்சாக்கூட வீட்டு செட்டு பொழைக்கும்னு நான் நிம்மதியா இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு நான் சித்தூர் போயிருந்தேன். நைனா லாரிக்கு மாலை போட்டு, பூசணிக்கா ஒடைச்சு, பொரி துன்னுட்டு, மறுநாள் மொதல் பஸ்ஸுல திரும்பி வந்து லைப்ரரியில நுழையறேன், இந்தக் காட்சி. ஒரு பக்கம் லைப்ரேரியன் சாரு படிப்புக்குக் கும்பிடற ஹயக்ரீவர் படம், ஒரு பக்கம் எங்க ஆளுங்களோட சரஸ்வதி படம், நடுவுல பிளாப்பிங்க வரிசையா, ஒவ்வொன்னும் கதவு தெறந்து.

"என்ன சார் பண்ணீங்க"ன்னேன். குரலே என்னுது மாதிரி இல்ல.

அவரு சந்தோஷமாத்தான் சொன்னாரு. புஸ்தகத்துக்குப் பொட்டு வெச்சாச்சு, மெஷினுக்கு வெச்சாச்சு, இதுக்கும் வெக்கணும் இல்லியோ. ஓட்டு மேல வெச்சா அது ஓட்டுக்குப் போகும், வித்தை இருக்கற எடம் உள்ளன்னு நீதானேம்மா காட்டினே. நேத்து மெஷினுக்குப் பன்னீர் தெளிச்சேன், இன்னிக்குக் கார்த்தால தீர்த்தம் தெளிச்சு, நல்ல நேரம் பாத்து சுவிட்ச் போட்டேன். என்னமோ டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் எழுந்திருக்கவே இல்லைன்னாரு.

சரி, மெஷின் போச்சு, பீரோ செட்டு போச்சு, இன்னொன்னு இருக்குதேன்னு என்னை நானே புடிச்சுக்கினு, "வீட்டு செட்டு பத்திரமா இருக்குதா சார்"னேன்.

"அதையும் எடுத்துண்டு வந்துட்டேன். அதை மட்டும் விட்டா குறையாயிடாதோ"ன்னாரு. மேஜையில ரெண்டாவது வரிசையைக் காட்டினாரு.

நான் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன். தீ, வெள்ளம், திருட்டு, கரண்டு எல்லாத்துக்கும் யோசிச்சு வெச்சவ நான். பக்திக்கு யோசிக்கல. அவருக்கு நான் எடுத்துச் சொல்லச் சொல்ல அவரு மூஞ்சி வெளுத்துக்கினே போச்சு. கடைசியில அவரும் உக்காந்துட்டாரு. அக்கா மட்டும் நின்னுக்கினே இருந்தாங்க. பண்டிகைக்குன்னு தலையில கனகாம்பரம் வெச்சிருந்தாங்க. தன் விரலுங்களையே பாத்துக்கினு, "இன்னா பாப்பா, அம்மாம் அடிச்சதும் பூட்டுதா"ன்னு கேட்டாங்க. நான் அவங்க மூஞ்சியைப் பாக்கல.

மொதலாளிக்குப் போன் பண்ணா, அந்த மனுஷன் சந்தோஷப்பட்டாரு. தப்பு அவங்க மேல, மறுபடி மொதல்லருந்து ஏத்தித் தர்றோம்னு புது எஸ்டிமேட் போடலாமாம். போனை வெச்சதும் எனக்கு வந்த தெலுங்கை இங்க எழுத முடியாது. கமிட்டி வர்றதுக்கு ஒரு மாசம்கூட இல்ல. அக்கா வருஷம் பூரா அடிச்சதை அதுக்குள்ள யாராலயும் அடிக்க முடியாது.

கை கால் ஒடிஞ்சா புத்தூர் போய்க் கட்டு போட்டுக்கினு வந்துடலாம், இதுக்கு எங்க போறதுன்னு எரிச்சலோட பொலம்பிக்கினே ஒரு பிளாப்பியை எடுத்துப் பாத்தேன். சந்தனம் காய்ஞ்சு ஒரு வட்டமா ஒட்டிக்கினு இருந்துச்சு. நகத்தால சுரண்டினா கோடு விழுந்துடும். தண்ணியில ஊறப் போட்டா என்னன்னு தோணுச்சு. கொழாத் தண்ணி வேணாம், உப்புக் கறை புடிக்கும். அப்போதான் நைனா லாரி பேட்டரிக்கு ஊத்துவாரே, அந்தத் தண்ணி ஞாபகம் வந்துச்சு. அதுல உப்பே கெடையாது. அக்காவை அனுப்பி பேட்டரிக் கடையில ரெண்டு கேன் வாங்கிக்கினு வரச் சொன்னேன்.

"ஜலத்துல போட்டா கெட்டுப் போயிடாதோ"ன்னாரு சாரு.

"நீங்க தீர்த்தம் தெளிப்பீங்க, நான் தண்ணியில போடக்கூடாதா"ன்னு வெடுக்குன்னு கேட்டுட்டேன். அவரு எழுந்து வீட்டுக்குப் போய்ட்டாரு. கோவிச்சுக்கினு போய்ட்டாருன்னுதான் நெனச்சேன். அரை மணி நேரத்துல தலைக்குக் குளிச்சுட்டு, யாரும் தொடாம மடியா ஒணத்தின தன்னோட பழைய பட்டுத் துணியைக் கையில எடுத்துக்கினு வந்தாரு. தொடைக்கறதுக்கு மெத்துன்னு இருக்குமேன்னு கொண்டாந்தாராம். "அபசாரம் பண்ணது நான், நானும் ஒக்காந்துக்கறேன்"னு எங்க பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தாரு.

நான் பிளேடால ஓட்டைப் பொளந்து தட்டை வெளிய எடுப்பேன். அக்கா அதைத் தண்ணியில போட்டு, பஞ்சால ஒத்தி ஒத்தி சந்தனத்தை எறக்குவாங்க. தேய்க்கறதே இல்ல, கொழந்தைக்குக் கண்ணுல ஒட்டின பீளையை எடுக்கற மாதிரி அம்மாம் பதவிசு. சாரு பட்டுத்துணியில ஈரம் ஒத்தி ஃபேனுக்கடியில காய வெப்பாரு. காய்ஞ்சதைப் புது பிளாப்பியோட ஓட்டுக்குள்ள மாத்தி வெப்பேன். நாள் பூரா இதே வேலை. சந்தனம் மொத்தமும் வந்துடுச்சு. குங்குமம் சில எடத்துல தட்டை அரிச்சிருந்துச்சு.

மறுநாள் வேற மெஷின்ல மொதல் பிளாப்பியைப் போட்டேன். இதுல ஒன்னுமே இல்லன்னு மெஷின் சொல்லிட்டுது. எங்க எது இருக்குதுன்னு எழுதி வெக்கற பக்கமே அடிபட்டுப் போச்சு. மொதலாளி சொன்ன மாதிரி கட்டியிருந்தா அத்தோட கதை முடிஞ்சுது, மூட்டை கட்டிக்கினு போவ வேண்டியதுதான். நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தட்டுல ஒரு ஓரத்துலருந்து ஆரம்பிச்சு எழுத்து எதெது இருக்குதோ படிச்சுக்கினே வா, முழு வரியா ஒன்னு கெடைச்சா கூட்டுத்தொகை சரியான்னு பாரு, சரியா இருந்தா எடுத்து வெச்சுக்கோ. அம்மாந்தான்.

ஸ்கிரீன்ல கொஞ்ச நேரம் ஒன்னுமில்ல. அப்புறம் ஒரு வரி வந்துச்சு. அப்புறம் ஒன்னு. அப்புறம் நிக்காம வந்துச்சு. அக்கா ஸ்கிரீன் கிட்ட மூஞ்சியை வெச்சுக்கினு, "இது நான் அடிச்சது, அன்னிக்கு பொண்ணுக்கு ஜுரம்"னாங்க. அதுக்கு மேல பேச முடியாம முந்தானையால வாயைப் பொத்திக்கினாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு, மறைக்கல. நாம எழுதினது நாம சொன்ன மாதிரியே வேலை செஞ்சா ஒரு அதிர்ச்சி வரும் பாருங்க, அது கெட்டது நடக்கும்போது வர்றதைவிட ஜாஸ்தி. ஒரு செட்டுல அரிச்சுப் போன வரி இன்னொரு செட்டுல இருந்துச்சு. ரெண்டுலயும் போனது கொஞ்சம். எந்தெந்த நெம்பர் இல்லன்னு மெஷினே சொல்லிட்டுது. அதை மட்டும் அலமாரியிலருந்து எடுத்து அக்கா தீபாவளிக்குள்ள அடிச்சு முடிச்சுட்டாங்க.

கமிட்டி வந்துச்சு. பெரியவங்க நாலஞ்சு பேரு, கண்ணாடி போட்டுக்கினு, ஏதேதோ புஸ்தகத்துப் பேரைச் சொன்னாங்க. சொன்ன வாயை மூடறதுக்குள்ள எந்த அலமாரின்னு ஸ்கிரீன்ல வந்துச்சு. ரொம்பப் பாராட்டிட்டுப் போனாங்க. அக்கா நல்ல பொடவை கட்டிக்கினு வராண்டாவுல நின்னுக்கினு இருந்தாங்க.

பிரின்சிபால் ரூம்ல நானு, சாரு, மொதலாளி. எங்க மொதலாளி இருக்காரே, பாராட்டு கேட்டதும் ஆளு ஒரு அடி ஒசந்துட்டாரு. இனிமே இதுக்கு ஆளே தேவையில்ல, எல்லாம் மெஷினே பாத்துக்கும்னு கையை விரிச்சுக் காட்டினாரு. பிரின்சிபால் தலையை ஆட்டினாரு. பர்மனெண்ட் பண்ணச் சொல்லி அக்கா எழுதிக் குடுத்த தரகாஸ்தை எடுத்து ஓரமா வெச்சாரு.

"பனி அயிபோயிந்தி கதா"ன்னாரு. வேலை முடிஞ்சிட்டுது இல்லன்னு. முடிஞ்சுபோன வேலைக்கு எதுக்கு பர்மனெண்ட் போஸ்டு, மேனேஜ்மெண்ட் இப்பல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் காரணம் கேக்கறாங்கம்மான்னாரு.

என் காதையே என்னால நம்ப முடியல. வேலை முடியலன்னா வெளிய போன்னாங்க, இப்ப முடிச்சதுக்கும் வெளிய போன்னாங்க. அந்தத் தட்டுங்களைக் கழுவாம விட்டிருந்தாலும் அக்காவுக்கு இதே கதிதான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கினு வந்துச்சு. எழுந்து கத்தப் போறேன், சாரு என் கையை மெதுவா அமுக்கினாரு. அது வரைக்கும் அவரு என்னைத் தொட்டதே இல்ல.

அவரு தெலுங்குலதான் பேசினாரு, நான் தமிழ்ல சொல்றேன். "நம்ம காலேஜ்ல ஆயுத பூஜையை இனிமே நிறுத்திடறதா சார்?"

பிரின்சிபால் பதறிட்டாரு. யாரு அப்படிச் சொன்னதுன்னாரு.

"நிறுத்தலை இல்லியோ. அப்போ வருஷா வருஷம் பிளாப்பிக்குப் பொட்டு வெப்போம். வெச்சா மறுநாள் கழுவித்தான் ஆகணும். அதைக் கழுவக் கத்துண்டவ வெளியில நிக்கற அவ ஒருத்திதான்."

"மேல, கவர் மேல வெச்சுட்டா போச்சு"ன்னாரு பிரின்சிபால்.

"கோயில்ல தாயாருக்குப் பொட்டு நெத்தியில வெப்பாளா, பொடவையில வெப்பாளா?"ன்னாரு சாரு, ரொம்பப் பணிவா.

பிரின்சிபாலுக்குப் பின்னாடி செவுத்துல ஏழுமலையான் காலண்டர். முன்னாடி மலைக் கைங்கரியத்துக் குடும்பத்துலருந்து ஒருத்தரு, திருமண் போட்டுக்கினு. இந்த ஊர்ல இதுக்கு மேல என்ன பேசறது. பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, கழுவலன்னா என்னம்மா ஆகும்னு கேட்டாரு. குங்குமமே வெக்காதீங்க சார், அதான் ஆகவேண்டியதுன்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அக்கா நெனப்பு வந்து முழுங்கினேன். "எல்லாம் போயிடும் சார்"னேன். அது பொய் இல்ல.

பிரின்சிபால் தரகாஸ்தைத் திரும்ப எடுத்துக் கையெழுத்து போட்டாரு.

எனக்கு சந்தோஷம்தான். ஆனா வெளிய வந்ததும் சாரைப் புடிச்சுக்கினேன். இன்னிக்கு சரி சார், அடுத்த வருஷம் நெஜமாவே வெப்பீங்களான்னு கேட்டேன். "வெக்காம இருக்க முடியுமோ"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கினு போய்ட்டாரு. நான் வாயைப் பொளந்துக்கினு நின்னேன். இவ்வளவு நடந்தும் ஒரு மனுஷனுக்குப் புத்தி வரலியேன்னு ஆத்திரமா வந்துச்சு. அதே வாரம் எனக்கு விசா வந்துட்டது. நானும் மொட்டை போடாத கொறையா பிளேன் ஏறினேன்.

அமெரிக்காவுல ஊருக்கூரு மாறினேன், கம்பெனிக்குக் கம்பெனி மாறினேன். நவராத்திரி வந்தா மத்தவங்க கொலு வெப்பாங்க, நான் அந்தத் தட்டுங்களையே நெனச்சுக்கினு கெடப்பேன். போனமுறை அரிச்ச எடத்துலயே இந்தமுறையும் அரிச்சா தட்டு தாங்காது, தயவு செஞ்சு ஓரமா வெக்கச் சொல்லுங்கன்னு அக்காவுக்கு ஈமெயில் எழுதுவேன். பஞ்சு அனுப்பினேன். தட்டு தொடைக்கற மருந்துன்னு ஒரு பாட்டில் பார்சல்ல அனுப்பினேன். விஜயதசமி முடிஞ்சு ஒரு பதில் வரும், எப்பவும் ஒரே பதில்: கழுவியாச்சு, ஒன்னும் பழுதில்ல, க்ஷேமம். சார் பக்கத்துல நின்னுக்கினு சொல்லச் சொல்ல அக்கா அடிக்கறாங்கன்னு தெரியும். படிச்சுட்டுத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

திரும்பி அந்த லைப்ரரிக்குள்ள கால் வெச்சப்போ எனக்குப் பாதித் தலை நரைச்சிருந்துச்சு. அதுவும் ஆயுத பூஜைக்கு மறுநாளு, வேணும்னேதான் அந்த நாள் பாத்து வந்தேன். சாரு பரமபதிச்சு ரொம்ப வருஷம் ஆயிட்டுது. அக்கா இருந்தாங்க. பெரிய மேஜை, கண்ணாடி, அவங்களைப் பாத்ததும் எழுந்து நிக்கற ஆளுங்க. பொண்ணு பேங்க்ல வேலையாம்.

மொதல் அதிர்ச்சி அக்கா ஸ்கிரீன்ல காட்டினது. நடுவுல பல கம்பெனிங்க வந்து பல சாப்ட்வேர் போட்டுட்டுப் போயிருக்காங்க. ஒவ்வொருத்தனும் கொஞ்ச வருஷத்துல காணாம போயிருக்கான். ஒவ்வொரு முறையும் இவங்க அடியில இருந்த பழைய வரிங்களை எடுத்து அடுத்தவனுக்குக் குடுத்திருக்காங்க. இன்னிக்கு போன்லகூட பாக்கலாம், அடியில என் வரிங்கதான். வளையல் கடை மாடியில உக்காந்து நான் முடிவு பண்ண அதே வரிசை, வருஷத்துக்கு நாலு நெம்பர், கடைசியில கூட்டுத்தொகை. மொதல் வரியைக் காட்டச் சொன்னேன். அக்கா அன்னிக்கு மொதமொதல்ல அடிச்ச புஸ்தகம் அப்படியே இருந்துச்சு. என் கண்ணைத் தொடைச்சுக்கினேன்.

அப்புறம் அக்கா ஒரு டப்பாவை எடுத்தாங்க. உள்ள பிளாப்பி. எல்லாத்துக்கும் பொட்டு. ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி, பஞ்சை எடுத்து, பழைய மாதிரியே ஒத்த ஆரம்பிச்சாங்க. என்னால பொறுக்க முடியல.

"இன்னாக்கா இது. இந்தக் கருமத்தைப் போட்டுப் படிக்க ஒரு மெஷினு ஊர்லயே கெடையாது. இதுல இன்னா கீதுன்னு இன்னும் கழுவிக்கினு இருக்கீங்க"ன்னேன்.

"ஒன்னும் இல்ல பாப்பா. எப்பவுமே இருந்ததில்ல"ன்னாங்க அக்கா.

எனக்குப் புரியல. அக்கா தலையைத் தூக்காமயே சொன்னாங்க. பிரின்சிபால் கையெழுத்து போட்ட அன்னிக்கு சாயங்காலமே சாரு கடைக்குப் போய் ஒரு டப்பா புது பிளாப்பி வாங்கிக்கினு வந்தாராம். இது பூஜைக்கு, பீரோவுல இருக்கறது வேலைக்கு, ரெண்டையும் கலந்துடாதேன்னு அக்கா கையில குடுத்தாராம். அதுலருந்து வருஷா வருஷம் வெத்துப் பிளாப்பிக்குத்தான் பொட்டு. மறுநாள் பிரின்சிபாலைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக்கினு அவரு கண்ணெதிர்ல வெத்துப் பிளாப்பியைத்தான் கழுவினாங்களாம். எத்தினியோ பிரின்சிபாலுங்க மாறிட்டாங்க, எல்லாரும் உக்காந்து பாத்துட்டு, தீர்த்தம் வாங்கிக்கினு போனாங்களாம். அக்கா போஸ்டு மேல யாரும் கை வெக்கல.

"நீ அனுப்பின மருந்துல ஜன்னல் கண்ணாடி தொடைச்சேன். நல்லா பளபளன்னு ஆச்சு"ன்னாங்க.

நான் தூங்காம கெடந்த அத்தினி நவராத்திரியும் கண்ணு முன்னாடி வந்துச்சு. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா"ன்னேன்.

"சொல்லலாமான்னு கேட்டேன் பாப்பா. வேணாம்னுட்டாரு. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா அதுக்கு வாய் நிக்காது, அது கோவத்துல யாருகிட்டயாவது கொட்டிடும், உன் வேலை போயிடும்னாரு. இந்த வேலையிலருந்து நான் ரிடையர் ஆவற வரைக்கும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

நீங்க எப்போ ரிடையர்னு கேட்டேன். இன்னியோட சரின்னாங்க.

சாரு சொன்னது நெஜம். சொல்லியிருந்தா நான் கொட்டியிருப்பேன். ஜன்னல் பக்கத்துல அந்த ரெண்டு சாமி படமும் மாலையோட அப்படியே இருந்துச்சு. நான் செருப்பை ஓரமா விட்டுட்டு, அக்கா பக்கத்துல தரையில உக்காந்து, டப்பாவுலருந்து ஒரு பிளாப்பியை எடுத்துக் கழுவ ஆரம்பிச்சேன்.